பதினாறு வயதுப் பிள்ளையைத் தனியாகக் கச்சேரிக்கு அனுப்பலாமா?

3 ஜனவரி 2025, தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டது

என் மகனுக்குப் பதினேழு வயது. அடுத்த மாதம் மதுரையில் நடக்கும் இசை விழாவுக்கு நண்பர்களோடு போக வேண்டுமாம். பதினெட்டு முடியும்வரை தாய் தகப்பன் இல்லாமல் எந்தக் கூட்டத்துக்கும் பிள்ளையை அனுப்பக் கூடாது என்பது என் முடிவு. கோவில் திருவிழா வேறு, அது நம் கூட்டம். இது முகம் தெரியாத கூட்டம். நான் சொல்வது தவறென்றால் சொல்லுங்கள்.

4 ஜனவரி

தேவகோட்டைக்காரருக்கு என் பதில்: தவறு. என் வீட்டிலும் அதே கச்சேரிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. மகளுக்குப் பதினாறு, ப்ளஸ் ஒன். கூட மூன்று தோழிகள். நான் காரைக்குடியில் பிரஸ் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கருமாதிக் கார்டு எல்லாம் அடிப்போம். இந்தப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் எந்த இரவில் யார் பாடுகிறார்கள் என்பது ஊர்க்காரர்களுக்கு முன்பே எனக்குத் தெரியும்.

என் ஐயா (அப்பாவின் அப்பா) பதினாலு வயதில் தனியாகக் கப்பலேறி ரங்கூன் போனார். 1936. வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் வேலை, அதாவது எடுபிடி. மூன்று வருஷக் கணக்கு. மூன்று வருஷம் ஆத்தா முகத்தையே பார்க்கவில்லை. அந்த வீட்டுப் பேரன் நான், எண்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் மதுரைக்கு ஒரு சாயங்காலம் பெண்ணை அனுப்ப ஒரு மாதமாக யோசிக்கிறேன்.

5 ஜனவரி, காலை

ராத்திரி தூக்கம் வரவில்லை. என் பதினைந்தாவது வயது ஞாபகம் வந்தது.

1991. புதுவயல் பக்கம் ஒரு கிராமத்தில் வள்ளி திருமணம் நாடகம். விடிய விடிய நடக்கும். வீட்டில் கணக்குப் பாடம் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நானும் பெரியப்பா மகனும் ஒரே சைக்கிளில் போனோம். பபூன் வந்து அரை மணி நேரம் சிரிக்க வைத்தான். வேலன் வந்து தர்க்கம் தொடங்கியபோது ஓரத்தில் இரண்டு குடிகாரர்கள் அடித்துக்கொண்டார்கள். கூட்டம் ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் ஒரு பக்கம், பெரியப்பா மகன் ஒரு பக்கம், சைக்கிள் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. எனக்கு அழுகை.

பொட்டலில் டீ போட்டுக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “யார் வீட்டுப் பிள்ளை?” சொன்னேன். பாய்லர் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுக்கச் சொன்னார். காலையில் முதல் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் இறக்கிவிட வேண்டிய இடத்தையும் சொல்லி அனுப்பினார். டீக்குக் காசு வாங்கவில்லை. அப்பச்சியிடம் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வாங்கிய அடி தனிக்கதை.

ஆகவே தேவகோட்டைக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. முப்பதாயிரம் பேர் நிற்கும் மைதானத்தில் யாரும் யாரையும் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கப்போவதில்லை.

5 ஜனவரி, இரவு

மகள் இதையெல்லாம் படித்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே போடுகிறேன்: “உங்களை யார் வீட்டுப் பிள்ளைன்னு கேட்டவர் படுக்க இடம் கொடுத்தார். என்னை அப்படி ஒருத்தர் கேட்டா மறுநாள் ஊரே பேசும். எனக்கு முகம் தெரியாத கூட்டம்தான் நிம்மதி.”

பதில் தெரியவில்லை. அந்த நாடகத்துக்கு என் ஆச்சியும் வர ஆசைப்பட்டாள் என்பதே இப்போதுதான் ஞாபகம் வருகிறது. (அக்காவைத்தான் ஆச்சி என்கிறேன். நம் பக்கத்தவர்களுக்குப் புரியும்.) அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதவர்களில் நானும் ஒருவன்.

9 ஜனவரி

நேற்று இரவு திருப்பதியில் வைகுண்ட வாசல் தரிசன டோக்கன் வாங்க நின்ற கூட்டத்தில் நெரிசல். ஆறு பேர் இறந்திருக்கிறார்கள். சாமி கும்பிடப் போனவர்கள்.

கோவில் கூட்டம் நம் கூட்டம் என்ற பேச்சை இனி எடுக்க வேண்டாம். 2022இல் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று வைகைக்குள் நெரிசலில் இரண்டு பேர் போனார்கள். 2023 நவம்பரில் கொச்சி பல்கலைக்கழக வளாகத்தில் கச்சேரி தொடங்கும் முன்பே நாலு பேர். அங்கே திடீரென்று மழை வந்தது, வெளியே நின்றவர்கள் உள்ளே தள்ளினார்கள், வழியோ படிக்கட்டு. பாட்டும் சரி, பக்தியும் சரி, வாசல் குறுகலாக இருந்தால் உடம்புக்கு ஒன்றுதான்.

நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். நின்றபடியே மூச்சு முட்டிச் சாகிறவர்கள்தான் அதிகமாம். ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேருக்கு மேல் போனால் கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். நாம் நடக்க முடியாது, அது கொண்டுபோகிற இடத்துக்குப் போக வேண்டியதுதான். நெஞ்சு விரிய இடம் இல்லாவிட்டால் மூச்சு நிற்கும். பக்கத்தில் அப்பா நின்றால் மட்டும் என்ன செய்துவிடுவார்? அவர் நெஞ்சும் சேர்ந்துதான் நசுங்கும்.

சென்ற அக்டோபரில் மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போய் ஐந்து பேர் இறந்தார்களே, அது வெயில். அங்கே பெரும்பாலும் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள்.

10 ஜனவரி

திருத்தம். சித்தப்பா போன் செய்து காய்ச்சி எடுத்துவிட்டார். “எங்க அப்பச்சி தனியாப் போனாருன்னு உனக்கு யாருடா சொன்னா?”

ஐயாவைக் கப்பலில் கூட்டிப் போனது கடையின் மேலாள். நம் ஊர்க்காரர், தூரத்துப் பங்காளி. ஐயா வருகிறார் என்று முன்னதாகவே கடிதம் போய்விட்டது. ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி, அதாவது நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கித் தொழில் செய்த கட்டடம். அங்கே தனக்கென்று ஒரு பெட்டி, சமையல்காரர், மேலே அடுத்தாள், அதற்கு மேலே மேலாள். பையன் காய்ச்சலில் படுத்தால் ஊருக்குக் கடிதம் எழுத ஆள் உண்டு. சித்தப்பா முடிவாகச் சொன்னது: “அவரு ரங்கூனுக்குப் போகலடா, கிட்டங்கிக்குப் போனாரு.”

நாலாம் தேதி நான் எழுதியதில் ‘தனியாக’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள்.

11 ஜனவரி

அந்த வாக்கியம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தாய் தகப்பன் கூட இருந்தாரா என்பதை விட்டுவிட்டு, போகிற இடத்தில் கிட்டங்கி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அதாவது, இந்தப் பிள்ளை இத்தனை மணிக்கு வர வேண்டும், வரவில்லை என்றால் தேட வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள்.

என் ஆச்சி மதுரையில்தான் இருக்கிறாள். இவ்வளவு நேரம் அது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

14 ஜனவரி

பொங்கல். பானை பொங்கியது, வீட்டில் பேச்சும் பொங்கியது. வீட்டுக்காரி சொல்கிறாள்: மார்ச் தொடக்கத்தில் பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு பிப்ரவரியில் கச்சேரி கேட்குதாக்கும். நியாயம்தான். ஆனால் பாதுகாப்பு பற்றிப் பேச்சு வந்தால் தேர்வைச் சொல்வதும், தேர்வைப் பற்றிப் பேசினால் பாதுகாப்பைச் சொல்வதுமாக இருந்தால் பிள்ளை என்னதான் பதில் சொல்லும்?

லண்டனில் இருக்கும் பங்காளி மகன் எழுதியிருந்தான். அந்த நாட்டில் கிளாஸ்டன்பரி என்று பெரிய இசை விழா, வயல்வெளியில் கூடாரம் போட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். பதினாறு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும், பதினாறு ஆகிவிட்டால் கேள்வி இல்லை. இதை மகளிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

19 ஜனவரி

நேற்று திருவையாறு, தியாகராஜர் ஆராதனை. வருஷா வருஷம் நண்பரோடு போவது. நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடும்போது பந்தலில் எறும்பு நுழைய இடம் இருக்காது. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து ஸ்ருதிப்பெட்டி சகிதம் உட்கார்ந்திருந்தார்கள். ‘பெற்றோர் எங்கே’ என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சமர்த்துப் பிள்ளைகள் என்று நண்பரிடம் மெச்சிக்கொண்டேன். பஸ் புதுக்கோட்டை தாண்டும்போதுதான் உறைத்தது: கூட்டம் எப்படி இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை, என்ன பாட்டு என்றுதான் பார்த்திருக்கிறேன். கீர்த்தனை என்றால் சமர்த்து, டிரம்ஸ் என்றால் தறுதலை.

அதே காவிரிக் கரையில் பெண்கள் உட்கார்ந்து பாட இடம் இல்லாத காலம் இருந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டுச் சமாதியைக் கட்டி, சண்டை பிடித்து அந்த இடத்தை வாங்கினார். வீட்டுக்கு வந்து மகளிடம் இதைச் சொன்னேன். “அப்ப நான் சண்டை போடலாமா?” என்றாள்.

25 ஜனவரி

பேச்சுவார்த்தை முடிந்தது. போகலாம். இரவு அத்தை வீட்டில்தான் தங்கல். மதுரையில் ரிங் ரோட்டுப் பக்கம் மைதானம். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், எப்படியும் பத்துக்கு முடித்தாக வேண்டும். எனக்குப் பாட்டு நடக்கும் நேரத்தைப் பற்றிப் பயம் குறைவு. பத்திலிருந்து பதினொன்றரை வரைதான் பயம். எல்லாரும் ஒரே வாசலில் வெளியே வந்து, எல்லாரும் ஒரே ஆட்டோவுக்குக் கை காட்டும் நேரம் அது. 2023 செப்டம்பரில் சென்னை ஈ.சி.ஆர். பக்கம் நடந்த பெரிய கச்சேரியில் டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். பெண்களைக் கூட்டத்தில் சீண்டியதாகவும், பிள்ளைகளைத் தவறவிட்டதாகவும் புகார் வந்தது. எல்லாம் போகிற வழியிலும் வருகிற வழியிலும் கூட்டத்தைப் பிரிக்காத வினை.

அதனால் கடைசிப் பாட்டுக்கு முன்பே கிளம்புவது என்று கேட்டேன். முடியாது என்றாள். கடைசிப் பாட்டுதானாம் பாட்டே. சரி, முடிந்ததும் அரை மணி நேரம் உள்ளேயே ஓரமாக நின்று கூட்டம் வடிந்த பிறகு வெளியே வருவது. மேடைக்கு முன்னால் போகக் கூடாது. யாராவது பிரிந்தால் போனை நம்பாமல், உள்ளே நுழைந்ததும் பேசி வைத்த இடத்துக்கு வந்துவிட வேண்டும். நெருக்கினால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்து, எதிர்த்துத் தள்ளாமல் குறுக்கே குறுக்கே நகர்ந்து ஓரத்துக்கு வர வேண்டும். கீழே விழுந்தது செருப்பானாலும் போனானாலும் குனியக் கூடாது.

பிரஸ்ஸில் மிஷின் சத்தத்துக்கு வைத்திருக்கும் இயர் பிளக்கில் நாலு ஜோடி கொடுத்தேன். சிரித்தாள். கச்சேரி இடங்களில் கால் மணி நேரச் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லியிருக்கிறது. நம் ஊர் ஸ்பீக்கர் செட்காரர் அதைக் கேட்டால் அவரும் சிரிப்பார். இருபத்தைந்து வருஷம் மிஷின் பக்கத்தில் நின்று என் இடது காது பாதி போயிற்று. அதைச் சொன்ன பிறகு வாங்கிக்கொண்டாள்.

வாட்ஸ்அப்பில் எட்டு மணி நேரம் லைவ் லொகேஷன் போட வேண்டும் என்றேன். “நீங்களும் போடணும்” என்றாள். எனக்கென்ன, நான் பிரஸ்ஸில்தானே இருக்கப் போகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

30 ஜனவரி

பிரயாக்ராஜ் கும்பமேளாவில் நேற்று விடியற்காலை நெரிசல். முப்பது பேருக்குக் குறையாமல் இறந்திருக்கிறார்கள். வீட்டுக்காரி டிவியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அனுமதி ரத்து என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அதிலிருந்து வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

5 பிப்ரவரி

பதினொன்றாம் தேதி தைப்பூசம். பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் சாலையில். நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாக நாள்கணக்கில் நடக்கிறது. இதில் பதினைந்து வயதுப் பையன்களும் உண்டு, பெண் பிள்ளைகளும் உண்டு. எல்லாருடைய அப்பா அம்மாவும் கூட நடப்பதில்லை. ராத்திரி லாரி விரட்டும் சாலை ஓரத்தில், இடுப்பில் மின்னும் பட்டையோடு என் தம்பி மகன் நடக்கிறான். யாரும் அவன் அம்மாவிடம் ‘எப்படி அனுப்பினாய்’ என்று கேட்கவில்லை. எந்த ஊரில் தங்கல், எங்கே கஞ்சி, எங்கே கால் பிடித்துவிடுவார்கள் என்பதெல்லாம் அப்பத்தா காலத்திலிருந்தே தீர்மானமான விஷயம். வழி நெடுக கிட்டங்கிதான்.

மதுரை மைதானத்துக்கு அப்படி ஒரு வழி இன்னும் யாரும் போட்டுத் தரவில்லை. யாராவது ஒருத்தர் முதலில் போட வேண்டும். ரத்தை ரத்து செய்தேன். வீட்டுக்காரி, “உங்க வாய்க்கு ஒரு வார்த்தை போதாது” என்றாள். ஆனால் ஆச்சிக்கு போன் போட்டு இரவுச் சாப்பாடு பேசியது அவள்தான்.

15 பிப்ரவரி, இரவு 11.50

ஒப்புதல் வாக்குமூலம்.

மாலை நாலு மணிக்குப் பிள்ளைகளை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பிரஸ்ஸுக்குப் போனேன். உட்கார முடியவில்லை. ஆறு மணிக்கு என் கால்கள் தாமாக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டன. மைதானத்துக்குப் போகும் எண்ணம் இல்லை. பக்கத்தில், ஒரு டீக்கடையில், சும்மா.

மேலூரில் பஸ் நின்றபோது போன். “அப்பா, மேலூர்ல என்ன செய்றீங்க?”

லைவ் லொகேஷன். நானும் போட்டிருந்தேன்.

காகிதம் வாங்க வந்தேன் என்றேன். சனிக்கிழமை ராத்திரியில் மேலூரில் எந்தக் கடையில் காகிதம் என்று கேட்டாள். இறங்கிவிட்டேன். இரண்டு பரோட்டா சாப்பிட்டு அடுத்த பஸ்ஸில் காரைக்குடி திரும்பினேன். எட்டு மணிக்கு மேல் மைதானத்தில் இருந்த அவள் புள்ளி அசையவே இல்லை. இவ்வளவு நேரம் எனக்கு உயிர் இல்லை. இப்போதுதான் ஆச்சி போன் செய்தாள். நாலும் வந்துவிட்டன, தோசை சாப்பிடுகின்றன.

16 பிப்ரவரி

புள்ளி அசையாததன் காரணம்: மைதானத்தில் அத்தனை போனும் ஒரே டவரை இழுத்ததில் சிக்னல் செத்துவிட்டது. எட்டு மணிக்கு மேல் போன் டார்ச்சுக்கு மட்டும்தான் உதவியதாம். பேசி வைத்த இடம் (ஜெனரேட்டர் வண்டிக்கு எதிரே ஒரு வேப்பமரம்) இல்லாவிட்டால் கழிப்பறைக்குப் போன தோழியைக் கண்டுபிடித்தே இருக்க முடியாது. ஆக, நான் பெருமையாகக் கேட்டு வாங்கிய லைவ் லொகேஷன் அவளுக்கு என்னைப் பிடிக்க உதவியது. வேப்பமரம்தான் உருப்படியான வேலை செய்தது.

தண்ணீர் பாட்டிலை வாசலில் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே ஒரு பாட்டில் அறுபது ரூபாய். வாங்கியிருக்கிறார்கள், அதற்குத் தனியாகப் பணம் கொடுத்திருந்தேன். இயர் பிளக் முதல் மூன்று பாட்டுக்கு ஒருத்தியும் போடவில்லை, பிறகு நாலு பேரும் போட்டார்கள். கடைசிப் பாட்டு எப்படி என்று கேட்டேன். “அதைச் சொல்ல முடியாதுப்பா” என்றாள்.

19 பிப்ரவரி

ஆச்சி இன்று போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டே வந்தவள், “பாப்பா உன்கிட்ட சொல்லலையா?” என்றாள்.

இரண்டாவது மணி நேரத்தில் பின்னால் நின்ற ஓர் ஆள் ஒட்டி ஒட்டி வந்திருக்கிறான். முதலில் கூட்டத்தால்தான் என்று நினைத்திருக்கிறாள். நகர்ந்திருக்கிறாள். அவனும் நகர்ந்திருக்கிறான். பக்கத்தில் முப்பது வயது இருக்கும் ஒரு பெண், யாரென்றே தெரியாது, என் மகளைக் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு, அந்த ஆளைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். அவன் போய்விட்டான். கடைசிவரை அந்தப் பெண் முன்னால்தான் நாலு பேரும் நின்றிருக்கிறார்கள். பெயர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்றும் கேட்கவில்லை.

தோசை சாப்பிடும்போதே இதை அத்தையிடம் சொல்லிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை.

19 பிப்ரவரி, பின்னிரவு

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஜனவரி 30ஆம் தேதி நான் எழுதியதைப் படித்தால் யாருக்கும் தெரியும். எங்கோ வடக்கே நடந்ததற்கு இங்கே அனுமதியை ரத்து செய்தவன் நான். சொன்னால் அடுத்த முறை வாசலே மூடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கு சரிதான். இன்று மாலை ஆச்சி சொன்ன உடனே என் வாயில் வந்த முதல் வார்த்தை “இனிமே” என்பது. நல்லவேளை, போனில் ஆச்சி மட்டும்தான் இருந்தாள்.

ஆச்சி இன்னொன்றும் சொன்னாள். அவளுக்கும் பதினாறு வயதில் திருவிழாக் கூட்டத்தில் இப்படி நடந்ததாம். நம் ஊரில், நம் கூட்டத்தில், அப்பச்சி பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தபோது. முப்பத்து மூன்று வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

21 பிப்ரவரி

மகளிடம் பேசினேன். அத்தை சொன்னதாகச் சொல்லவில்லை, மேலூர் பரோட்டாவைப் பற்றித்தான் தொடங்கினேன். அரை மணி நேரத்தில் அவளே சொன்னாள். நான் ஒன்றும் சொல்லாமல் கேட்டேன். அப்படிக் கேட்பது சுலபமில்லை, பல்லைக் கடித்ததில் தாடை வலிக்கிறது. மறுபடி அப்படி நடந்தால் தயங்காமல் கத்தலாம், அங்கே நிற்கும் பெண் போலீஸிடம் போகலாம், 181க்கு அடிக்கலாம் என்று மட்டும் சொன்னேன். “சிக்னல் இருந்தா அடிக்கிறேன்” என்றாள்.

தேவகோட்டைக்காரர் கேட்டிருக்கிறார், கடைசியில் அனுப்பலாமா கூடாதா என்று. உங்கள் மகன் போயிருந்தால் மேடைக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றான், யாரைத் தள்ளினான், யார் தள்ளப்படுவதைப் பார்த்தும் சும்மா இருந்தான் என்று கேட்டிருப்பீர்களா? பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும் ராத்திரி பஸ்ஸில் மேலூர் வரை போய்வருகிறோம். உங்கள் மகனை அனுப்புங்கள். முதல்நாள் அவனிடம் இதைப் பேசிவிட்டு அனுப்புங்கள்.

3 மார்ச்

பக்கத்து ஊர் பங்குனித் திருவிழா நோட்டீஸ் அச்சில். வழக்கம்போல முதல் நாள் பால்குடம், மூன்றாம் நாள் வள்ளி திருமணம், கடைசி நாள் இரவு இன்னிசைக் கச்சேரி. மகள் படிப்பதை விட்டுவிட்டு வந்து புரூஃபை எட்டிப் பார்த்தாள். பிழை ஒன்று கண்டுபிடித்தாள், ‘இன்னிசை’யில் ஒரு ன் குறைவு.

“இதுக்கும் பேச்சுவார்த்தை உண்டா?” என்றாள்.

தேர்வு முடியட்டும் என்றேன். பிறகு, வள்ளி திருமணத்துக்கு நானும் வருகிறேன், அந்தப் பபூன் இன்னும் இருக்கிறானா பார்க்க வேண்டும் என்றேன்.

“வாங்க. ஆனா தள்ளி உட்காருங்க.”